தேக்கு கேட்கும் மண்

கேரளத்து நிலம்பூரில் சாலியாற்றைத் தாண்டினால் கனோலி தோட்டம் வரும். இரண்டேகால் ஹெக்டேர்தான். 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி, கப்பல் கட்டத் தேக்கு கிடைக்காமல் போய்விடுமோ என்று தொடங்கிய நடவில் எஞ்சிய மரங்கள் அங்கே நிற்கின்றன. கல்போன்ற ஓட்டுக்குள் இருக்கும் விதையை முளைக்க வைத்து, நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். வருகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் குனிந்தும் பார்க்கலாம்.

அந்த மண் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். ஆழமானது, மணல் கலந்தது, வெள்ளம் ஏறினாலும் தேங்காமல் வடிந்துவிடும். பின்னாளில் நிலம்பூரின் மேட்டுப் பகுதிகளில், செம்புரைக்கல் மண்ணிலும் தேக்கு வைத்தார்கள். மழை அதே மழைதான், ஆனால் மரம் எழும்பவில்லை. நிலம்பூரின் பெருமையில் பாதி மேனனுக்கு என்றால், மீதி சாலியாற்றுக்குத்தான் என்பேன். தேக்கு நிலத்தை வனத்துறையினர் தரம் பிரிப்பதும் 50 வயதில் மரம் எட்டும் உயரத்தை வைத்துத்தான். மண்ணுக்கு மதிப்பெண் போடுவது மரம்!

நடப்போகிறவர் 50 வருடம் காத்திருக்க முடியாது. மார்பளவுக்கு ஒரு குழி வெட்டிப் பார்த்தால் போதும். மேலே கறுத்த மண் எத்தனை விரல்கடை இருக்கிறது, அதற்குக் கீழே வேர் எங்கே நின்றுவிடுகிறது, கடப்பாரை எங்கே ‘ணங்’ என்கிறது என்று கவனியுங்கள். இரண்டடியிலேயே பாறையோ சரளையோ தட்டினால் தேக்கை மறந்துவிடுங்கள். அடிமண் சாம்பல் நிறத்தில், இடையிடையே துருப்பிடித்த புள்ளிகளோடு இருந்தால் அங்கே மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். தேக்குக்குக் கால் நனையலாம், ஊறக் கூடாது. தஞ்சை வட்டாரத்தில் வாய்க்கால் கரைகளில் தேக்கு நன்றாக வருகிறது, பக்கத்திலேயே இருக்கிறதென்று நெல்வயலுக்குள் வைத்தால் வராது. நர்சரியில் வாங்கும் நாற்றுக்குச்சிக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறோம், குழி வெட்டிப் பார்க்க மட்டும் சோம்பல்.

நல்ல மண் அமைந்துவிட்டாலும் அதைக் கெடுக்கத் தேக்கே போதும். மழை பெய்யும்போது தேக்கின் கீழே நின்று பாருங்கள். முறம்போன்ற இலையில் சேரும் நீர் நுனியில் திரண்டு, வானத்துத் துளியைவிடப் பெரிய துளியாக விழும். ஐம்பது, அறுபது அடி உயரத்திலிருந்து விழும் அந்தத் துளி வெறும் தரையில் பட்டால் மண் தெறிக்கும். தெறித்த பொடி மண்ணின் கண்களை அடைத்துவிடும், அடுத்து வரும் நீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடும். கூழாங்கல் ஒன்று குடை பிடித்த இடத்தில் மட்டும் மண் சிறு தூணாக நின்றிருக்கும். அந்தத் தூணின் உயரம்தான் அந்த இடத்தில் கரைந்துபோன மண்ணின் கணக்கு.

தடுக்க என்ன வழி? தரையை மூடி வைப்பதுதான். சருகும் சிறு செடிகளும் இருந்தால் துளியின் அடி அங்கேயே தணிந்துவிடும். ‘சுத்தமான’ தோப்பு என்று நாம் பாராட்டுவது, புதரெல்லாம் கொத்தி, கோடையில் சருகுக்குத் தீ வைத்துத் துடைத்த தரையைத்தான். எனக்கு அது பயம் தரும் காட்சி. முதல் சில வருடம் கன்றைச் சுற்றிக் களை எடுத்தே ஆகவேண்டும், தேக்கு நிழலைப் பொறுக்காது. அப்போதும் வேரோடு பிடுங்காமல் அறுத்து, அங்கேயே போட்டுவிடலாம். கன்று தலை தூக்கிய பிறகு புதருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

மண் இழக்கும் இன்னொன்று சுண்ணாம்புச் சத்து. தேக்கு இதை அதிகம் இழுக்கும் மரம். எடுத்ததில் ஒரு பங்கை இலையாக உதிர்த்துத் திருப்பித் தருகிறது, பட்டையில் நிறைய சேர்த்தும் வைக்கிறது. மரம் வெட்டும்போது பட்டையோடு லாரியில் ஏற்றி, கிளைகளையும் விறகுக்கு வாரிக்கொண்டு போனால் அடுத்த நடவுக்கு அந்த மண்ணில் என்ன மிஞ்சும்? வைரம் பாய்ந்த கட்டை போகட்டும், அதற்காகத்தானே வளர்த்தோம். பட்டையை வெட்டிய இடத்திலேயே உரித்து, இலை தழையோடு பரப்பிவிட்டுப் போக இரண்டு ஆள் கூலி கூடுதலாக ஆகும். குத்தகைக்காரர் முகம் சுளிப்பார், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.