பரம்பரைச் சிறுநீரக நோயும் ஆராய்ச்சிக்குரிய பொருளும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே நோயைப் பற்றிப் பேச வந்த எம்மைப் பொறுத்தருள வேண்டுகிறோம். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றுள் பேசப்படாமலே தலைமுறை தாண்டும் செய்தி இது. ஆதலால் இங்கேயே பேசத் துணிந்தோம்.

நீர்க்கட்டிச் சிறுநீரகம் என்பது அந்நோயின் பெயர். கைப்பிடி அளவான சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி, ஆண்டுக்காண்டு பருத்து, நல்ல பகுதியை நெருக்கி அழிக்கின்றன. முப்பது வயது வரை பெரும்பாலோர்க்கு ஒன்றும் புலப்படுவதில்லை. பின்னர் இரத்த அழுத்தம் ஏறும். விலாவில் வலி காணும். சிறுநீரில் இரத்தம் தோன்றும். அறுபதை எட்டுவதற்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ வேண்டியதாகிறது. உலகில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர்க்கு இஃது உண்டு என்பர். தாய் தந்தையருள் ஒருவர்க்கு இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. குழந்தைப் பருவத்திலேயே தாக்கும் அரிய வகை ஒன்றும் உண்டு. அதில் பெற்றோர் இருவரும் நோயின்றி, நோய்க்குரிய மரபணுவை மட்டும் தாங்கியிருப்பர். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கில் அதற்கு வாய்ப்பு மிகுதி.

இத்தகைய நோய்க்கு மருந்து காணும் அறிஞர்க்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? அரசிடமிருந்து என்று நாம் எளிதில் விடை கூறிவிடுவோம். பெருந்தொகை அரசிடமிருந்தே வருகிறது, ஐயமில்லை. ஆனால் இளம் அறிஞர் ஒருவர் முதற் சோதனையைச் செய்து காட்டினாலன்றி அரசின் கருவூலக் கதவு திறவாது. அந்த முதற் சோதனைக்கு யார் தருவது? அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து வணிகர் ஜோசப் புரூனிங் என்பாரும், மருத்துவ அறிஞர் ஜேரட் கிராந்தம் என்பாரும் 1982-இல் இந்நோய்க்கென்றே ஓர் அறநிலையத்தை நிறுவினர். நோயுற்ற குடும்பங்களும் அன்பர்களும் தந்த நன்கொடை, ஆராய்ச்சி நல்கையாக அறிஞர் கைக்குச் சென்றது.

பணத்தினும் அரியதொன்று உண்டு. 1994-இல் இந்நோயின் முதன்மையான மரபணுவை ஐரோப்பிய அறிஞர் குழு கண்டுபிடித்தது. வழிகாட்டியது யார் தெரியுமா? போர்ச்சுகல் நாட்டுக் குடும்பம் ஒன்று! அக்குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் பதினாறாம் குரோமோசோம் ஓரிடத்தில் முறிந்து வேறொன்றுடன் ஒட்டியிருந்தது. இருவருக்கும் நீர்க்கட்டி நோய். முறிந்த இடத்திலேயே மரபணு இருந்தது. அக்குடும்பத்தார் இரத்தம் தர மறுத்து வாயடைத்திருப்பின், கோடி கொட்டினும் அவ்வாண்டில் அது கிட்டியிருக்குமா என்பது ஐயமே. பின்னர் 2003-இல், ஒருவகை மருந்து விலங்குகளில் கட்டிகளின் வளர்ச்சியைத் தடுப்பது தெரிந்தது. அவ்வகையைச் சேர்ந்த டோல்வாப்டான் 2012-இல் மனிதரிடத்தும் பயன் காட்டியது. 2014-இல் ஜப்பானும் 2018-இல் அமெரிக்காவும் அதனை ஏற்றன. நோயை அஃது ஒழிப்பதில்லை; அதன் வேகத்தைக் குறைக்கிறது. எஞ்சிய வேலை மிகப் பெரிது.

நம் நகரத்துக்கும் இவ்வழி புதிதன்று. மெஹர்பாய் டாடா அம்மையார் இரத்தப் புற்றுநோயால் 1931-இல் மறைந்தபோது, அவர் கணவர் சர் தோராப்ஜி டாடா 1932-இல் அம்மையார் பெயரால் அறநிலையம் கண்டார். அதன் வருவாயில் பெரும்பகுதி உலகெங்கும் அந்நோயை ஆராய்வோர்க்குச் செல்கிறது. பரேலில் நம்மவர் நாளும் சென்றுவரும் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில்தான் டாக்டர் ஒய். எம். பேண்டே குழுவினர் பரம்பரையாக வரும் 'பம்பாய் இரத்த வகை'யைக் கண்டறிந்து 1952-இல் வெளியிட்டனர். 1957-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்நகரில் தொடங்கிய இரத்த வகை ஆய்வு மையம் இன்று தேசிய நிலையமாக அவ்வளாகத்திலேயே இயங்குகிறது.

இன்று நம் நாட்டு அறிஞர் தட்டக்கூடிய கதவுகள் பல. 1911-இல் ஆராய்ச்சி நிதிச் சங்கமாகப் பிறந்த அந்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உண்டு. உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறநிலையமும் 2008-இல் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு, மருத்துவர்க்கும் விஞ்ஞானிகட்கும் ஆண்டுக் கணக்கில் ஊதியத்தோடு ஆய்வுப் பொருளும் தருவது. 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் மதிப்பிட்டனர். அதிலும் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்தே வரவேண்டும் என்பது கணக்கு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பொது நிறுவனங்களின் மருத்துவ ஆராய்ச்சியும் அதில் அடங்கும். கம்பெனி அலுவலகங்களில் பொறுப்பான பதவியில் இருக்கும் நம் அன்பர்கள் இதை மேலிடத்துக்கு நினைவூட்டலாம். பள்ளிக்குக் கூரை போடுவதும் நல்லதே. ஆனால் கூரையின்மேல் கம்பெனியின் பெயரை எழுதலாம், சோதனைக் குழாயின்மேல் எழுத முடியாது என்பதனால் ஆராய்ச்சி பின்தங்கிவிடக் கூடாதன்றோ? 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்நோயின் பெயர் மாற்றுச் சிறுநீரகத்தால் தீரும் வகையில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அவ்வுதவி முதன்மையாகச் சிகிச்சைக்கானது.

எக்கதவைத் தட்டினும், "எத்தனை குடும்பங்கள் உம் ஆய்வுக்கு இசைந்துள்ளன?" என்னும் கேள்விக்கு அறிஞர் விடையளித்தாக வேண்டும். இங்கேதான் நாம் இடறுகிறோம். மகளுக்கு வரன் தகையாது என்று தந்தையின் நோயை மறைக்கிறோம். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பெண்ணைப் பெற்றவர் அச்சம் மெய்யானது. ஆயினும் மறைப்பதன் விலை என்ன? அண்ணனுக்குச் சிறுநீரகம் தர முன்வரும் தம்பிக்கும் அதே நோய் உள்ளே இருக்கலாம். குடும்ப நோய் என்று சொன்னாலன்றோ மருத்துவர் அவனை அதற்கெனச் சோதிப்பார்? ஆராய்ச்சியில் சேர்வோர் எழுத்தால் இசைவு தரவேண்டும், விரும்பும்போது விலகலாம், அவர்தம் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பன மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே உள்ளன. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொன்னால் போதும்.

ஜாதகக் கட்டு இல்லாத வீடு நம்மிடையே அரிது. அதனோடு இன்னொரு தாளையும் சேர்த்து வைக்க வேண்டுகிறோம். தாத்தா, பாட்டி, அவர்தம் உடன்பிறந்தார், பெரியப்பா, அத்தை, மாமன் ஆகியோர் பெயர். யார்க்கு எந்த வயதில் இரத்த அழுத்தம் வந்தது. யார் டயாலிசிஸ் செய்துகொண்டார். யார் எதனால் இறந்தார். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கோ பாலக்காட்டுக்கோ செல்லும்போது அங்குள்ள முதியோரைக் கேட்டு எழுதுங்கள். "வயிறு பருத்து இறந்தார்" என்று மட்டும் ஒரு பாட்டி சொன்னால், அதையும் வயதோடு குறித்துக்கொண்டு வாருங்கள்.