வயதுபோன பெற்றோரை எங்கே வைத்துப் பராமரிப்பது?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு, மலசலகூடம், கிணறு, வாழ்வாதாரக் கடன் என்று இவ்வளவு நாளும் கதைத்திருக்கிறோம். அவை எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது, கையொப்பம் வைக்க ஒரு இடம் இருக்கிறது. இன்றைய விடயத்துக்குப் படிவம் இல்லை. ஆனால் வீடு பார்க்க வரும்போதெல்லாம் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு, யாராவது ஒருவர் பின்னால் வந்து மெதுவாகக் கேட்பது இதைத்தான்: "அம்மாவை என்ன செய்யிற?"

எங்கள் பக்கத்தில் முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்குச் சீதனம். தாய் தகப்பன் அதே வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது கடைசி மகளோடு இருந்துவிடுவார்கள். காலையில் ஆச்சி இருமினால் மகளுக்குக் கேட்கும். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கத் தேவையில்லாமல் அந்த வளவே முடிவெடுத்தது.

அந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 இல் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் டச்பாரிலும் ஆண்களைவிடப் பெண்கள்தான் கூடுதலாகப் போனார்கள். மனைவியையும் பெண் பிள்ளைகளையும் இழந்த ஐயாமார் இருக்கிறார்கள். மகன்மார் உயிரோடுதான், ஆனால் மகன் இருப்பது மருமகளின் தாய் வீட்டில். அங்கே போய் இருக்க எங்கள் ஐயாமாருக்கு மனம் வருவதில்லை. அதை வீண் ரோசம் என்று நான் சொல்லமாட்டேன். சம்பந்தி வீட்டு விறாந்தையில் ஒரு மனிதன் எத்தனை மாதம் விருந்தாளியாக இருப்பது? பிறகு 2006, 2007 இடப்பெயர்வு. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்தீர்கள். கிடைத்த வீடு 500 சதுர அடி. திராய்மடு போன்ற இடங்களில் காணித்துண்டும் சின்னது, ஓரத்தில் இன்னொரு கொட்டில் போட இடம் இல்லை. இதற்கிடையில் மகள் குவைத்துக்கோ சவூதிக்கோ போய்விட்டாள் என்றால், ஆச்சியைப் பார்க்க ஆள் இல்லாதது மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும் ஆச்சிதான்.

ஆகவே "முதியோர் இல்லம்" என்ற சொல்லை வாயில் எடுக்கிறவர்களைப் பாவிகள் என்று யாரும் பேசவேண்டாம். அதேநேரம் அவசரமாக அதற்குள் போய் விழவும் வேண்டாம்.

முதலில் ஒரு கிழமை கவனியுங்கள். தானாகக் குளிக்கிறாரா, உடுக்கிறாரா, சாப்பிடுகிறாரா, படுக்கையிலிருந்து எழும்புகிறாரா, மலசலகூடத்துக்குத் தனியே போய் வருகிறாரா, கிளினிக்கில் தந்த குளிசைகளைச் சரியான நேரத்துக்கு எடுக்கிறாரா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதிப் பார்த்தால் சில வீடுகளில் பிரச்சினை ஒன்றே ஒன்றாக இருக்கும். மலசலகூடம் வெளியே இருக்கிறது, இரவில் அங்கே போகப் பயம், குந்தி எழும்ப முடியாது, அதனால் அந்த அம்மா பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காததால் தலைச்சுற்று, மலச்சிக்கல், மயக்கம். "அம்மாவுக்கு ஏலாது, இல்லத்தில் விடவேணும்" என்று வீட்டில் கதை தொடங்கிவிடும். அந்த அம்மாவுக்குத் தேவை இல்லம் அல்ல. சுவரில் பிடித்து எழும்ப ஒரு குழாய், நடுவில் வெட்டிய ஒரு பிளாஸ்ரிக் கதிரை, வழியில் ஒரு மின்குமிழ், இவ்வளவுதான். வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் படியைத் தாழ்வாகவும் மலசலகூடக் கதவை அகலமாகவும் வைக்கச் சொல்லி இப்போதே மேசனிடம் சொல்லுங்கள். பிறகு உடைப்பது செலவு.

பகலில் மட்டும் ஆள் இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டோடும் கிராமத்து முதியோர் சங்கத்தோடும் கதைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று ஆச்சிமாரை ஒரே வீட்டில் பகலில் இருத்தி, ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்வது இல்லத்தைவிட மலிவு. ஊரும் மாறாது.

இதெல்லாம் பார்த்தும் சரிவராத வீடுகள் இருக்கின்றன. அப்போது இல்லத்தைத் தேடுங்கள், ஆனால் முதியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். போவது அவர். அவருக்குத் தெரியாமல் நாங்கள் நல்லது செய்கிறோம் என்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 60 வயது தாண்டியவர்கள் முதியோர். முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்களைப் பதிவு செய்வது பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. ஆகவே முதல் கேள்வி, "பதிவு இருக்கிறதா?" பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். முதியோர் அடையாள அட்டைக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் தொலைந்தவர்கள் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இல்லத்திலும் சிக்கல், ஆஸ்பத்திரியிலும் சிக்கல்.

இல்லத்துக்குப் போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் போங்கள். முன் மண்டபத்தைப் பார்க்க வேண்டாம், மலசலகூடத்தைப் பாருங்கள். மூக்கு சொல்லும். அங்கே இருக்கிறவர்களோடு தனியே இரண்டு வார்த்தை கதைக்க விடுகிறார்களா என்று பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது, மீனும் சோறும் உண்டா, சைவக்காரருக்கு வேறாகச் சமைப்பார்களா, ஒரு உம்மாவோ வாப்பாவோ வந்தால் தொழ இடமும் ஹலால் சாப்பாடும் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. எழும்பி நடக்கிறவரை வைத்திருப்பார்கள், படுக்கையில் விழுந்தால்? சில இடங்களில் அப்போது திருப்பி அனுப்புவார்கள். அந்த நாளில் நீங்கள் குவைத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பதிலை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

தூரத்தையும் யோசியுங்கள். கொக்கட்டிச்சோலையில் இருக்கிற மகள் மண்முனைப் பாலத்தைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து, பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கவேண்டும். மாரியில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் வசதி குறைந்த இல்லம் என்றாலும் கிழமைக்கு ஒருமுறை போய்வரக் கூடியது நல்லது என்பது என் எண்ணம்.

காசும் காணியும். பிச்சைச் சம்பளப் புத்தகம், வங்கிப் புத்தகம், நகை, இவை யாரிடம் இருக்கும் என்பதை முதியவரின் முன்னிலையில் தீருங்கள். காணி உறுதியை இல்லத்துக்கும் எழுத வேண்டாம், "நான் பார்க்கிறன்" என்று வருகிற உறவினருக்கும் அவசரத்தில் எழுத வேண்டாம். பிள்ளைக்கு எழுதியே ஆகவேண்டும் என்றால், சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உருத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதலாம். நொத்தாரிசிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். பெர்மிற் காணிக்காரர் பின்னுரித்தாளரின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள். பிள்ளைகள் உழைத்தும் பெற்றோரைக் கைவிட்டால் பராமரிப்புப் பணம் கேட்டு முதியோருக்கான பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்க அதே சட்டம் வழி தருகிறது. அதைப் பாவிக்க எங்கள் அம்மாமார் கூச்சப்படுவார்கள். வழி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தாலே சில வீடுகளில் போதும்.

போகிற நாளில் பொய் சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம். "கிளினிக்குக்குப் போறம்" என்று ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தால், அடுத்த மாதம் உண்மையாகவே கிளினிக்குக்குக் கூப்பிடும்போதும் அவர் வாசலைத் தாண்டமாட்டார். முடிந்தால் இரண்டு கிழமைக்கு மட்டும் என்று விட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் திரும்பலாம் என்று அவருக்கும் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். சொந்தத் தலையணை, பன்பாய், வெற்றிலை வட்டா, சாமிப்படம், இறந்துபோனவர்களின் படம் இருந்தால் அதுவும் கூடப் போகட்டும். சுனாமியில் ஒரு படமும் மிஞ்சாத வீடுகளும் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளையின் படத்தையாவது கொடுத்துவிடுங்கள்.

முதல் மாதம் கடினம். படலையைப் பார்த்தபடி இருப்பார், சாப்பாடு ருசியில்லை என்பார், உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். அதைக் கண்டு போகாமல் விடாதீர்கள். ஞாயிறு வருவேன் என்றால் ஞாயிறே போங்கள். ஏலாது என்றால் ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கள். வெங்காயம் உரிக்க, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற, பாய் பின்ன ஏதாவது ஒரு வேலை கொடுக்கச் சொல்லி இல்லத்தாரிடம் கேளுங்கள். வாழ்நாள் முழுக்க வயலிலும் தோணியிலும் உழைத்தவரைச் சும்மா கட்டிலில் இருத்துவதை ஓய்வு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகும் மெலிந்துகொண்டே போகிறார், உடம்பில் காயம் இருக்கிறது, ஆட்களைக் கண்டு பயப்படுகிறார் என்றால் அது பழகாத குறை அல்ல. உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், சமூக சேவை உத்தியோகத்தரிடமும் முறையிடுங்கள்.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வரும். குளிர்த்திக்கு அவரை ஊருக்குக் கூட்டிவந்து இரண்டு நாள் வைத்திருங்கள். கோயிலில் அவருடைய குடிக்கு உள்ள இடம் அவருக்கு இன்னும் உண்டு. ஊர் மரண உதவிச் சங்கத்துச் சந்தாவையும் நிறுத்தவேண்டாம். "செத்தா என்னை எங்க அடக்குவினம்?" என்று பல ஆச்சிமார் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அந்தச் சங்கப் புத்தகத்தை ஒவ்வொரு வருடமும் கொண்டுபோய் அவருக்குக் காட்டுங்கள்.