லாரித் தட்டே மேடை



கூலிக்காரன் முதலாளி வேடம் கட்டினால் என்ன நடக்கும்? அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து டெலானோவில் நடந்ததைச் சொல்கிறோம்.

1965 செப்டம்பரில் அங்கே திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலில் பிலிப்பினோத் தொழிலாளர்கள். சில நாட்களில் மெக்சிக்க வம்சாவளியினரும் சேர்ந்தார்கள். அதே ஊரில் கூலிக் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் வால்டெஸ் அவர்களோடு ‘எல் டியாட்ரோ கம்பெசினோ’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பண்ணைத் தொழிலாளர் நாடகம் என்று பொருள்.

மேடை, லாரித் தட்டு. நடிகர்கள், மறியலில் நின்றவர்கள். ஒருவர் கழுத்தில் ‘வேலைநிறுத்தக்காரன்’ என்ற அட்டை. இன்னொருவர் கழுத்தில் ‘கருங்காலி’. நாடகம் தயார்!

ஒரு நாடகத்தில், பன்றி முகமூடி போட்ட முதலாளி, கூலிக்காரன் வாழ்வே சுகம் என்று அவனோடு இடம் மாறிக்கொள்கிறார். முகமூடி கைமாறியதும் அவருடைய காவலாளே அவரை அடையாளம் தெரியாமல் இழுத்துப் போகிறான்.

யாரைக் கண்டு நடுங்கினார்களோ, அவரைப் பார்த்துத் தொழிலாளர்கள் சிரித்தார்கள். அச்சம் அங்கேதான் உடைந்தது.

நாடகம் மட்டுமே வெற்றி தரவில்லை. ஐந்தாண்டுப் போராட்டமும், ஊர் ஊராக மக்கள் திராட்சை வாங்க மறுத்ததும் சேர்ந்தே 1970 ஜூலையில் முதலாளிகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தன. நாடகம் அச்சத்தைப் போக்கியது. சங்கம் உரிமையை வென்றது.

நம் ஆண்டு விழாவில் ராஜா வேடம் கட்டியது போதும், தோழர்களே! இம்முறை மேஸ்திரி வேடம் கட்டுவோம். அவர் எப்படிப் பேசுவார் என்று நமக்கு யாரும் வசனம் எழுதித் தர வேண்டியதில்லை.