ராத்திரி ரெண்டு மணியையும் எழுதி வையுங்கள்
(கும்மிடிப்பூண்டி குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டை மாடியில் பத்து நடை நடந்து, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். சிப்காட்டை ஒட்டின தெருக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வடகம் காயப்போட முடியாது. ராத்திரி கொடியில் மறந்து விட்ட வெள்ளை வேட்டி காலையில் வெள்ளையாக இருக்காது.

அந்தத் தூசியைக் கொஞ்சம் கூட்டி அள்ளி ஒரு தாளில் கொட்டுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தத்தை பாலிதீன் கவரில் போட்டு அதன்மேல் ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வருவதில் பெரும்பாலும் இரும்புத் துகள்தான். நம் ஊர் கடலுக்குப் பக்கம், கடற்கரை மணலிலும் இரும்புத் தாது உண்டு. அதனால் இதையே சாட்சியாக வைத்து யார்மீதும் பழி போட முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் நிபுணர் இல்லை. இந்தப் பகுதியில் ஓர் இரும்பு உருக்காலையில் இருபத்து நாலு வருஷம் ஷிப்ட் பார்த்தவன். மரம் நடுவதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். அதுக்கு முன்னாடி புகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உருக்காலைக்கு வருவது பழைய இரும்பு. வண்டிச் சட்டம், பெயின்ட் டப்பா, எண்ணெய்ப் பிசுக்கோடு டிரம், எல்லாம் கலந்து வரும். உலையில் சுமார் 1600 டிகிரி வெப்பம். பழைய இரும்பைக் கொட்டுகிற அந்த நிமிஷம்தான் குபீரென்று புகை கிளம்பும். அதை இழுக்க உலைக்கு மேலே ஹூட் இருக்கும். அங்கிருந்து குழாய் வழியாக பேக் ஃபில்டருக்குப் போகும். அது ஒன்றுமில்லை, வரிசையாகத் தொங்குகிற துணிப் பைகள். தூசி பையில் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். இழுக்கிற ஃபேனுக்குப் பெரிய மோட்டார், அதுக்குக் கரன்ட் செலவு. பை கிழிந்தால் மாற்றணும், அடைத்துக்கொண்டால் தட்டணும். ஒழுங்காக ஓட்டினால் தூசியில் பெரும் பங்கு வெளியே வராது. எந்திரம் எங்களிடமும் இருந்தது. ராத்திரியில் "ஃபேனை நிறுத்துப்பா" என்று மேலே இருந்து சொல்வார்கள். சுவிட்சை அணைத்தவர்களில் நானும் ஒருத்தன். அன்றைக்கு என் வீட்டு மாடியும் அந்தப் புகைக்குக் கீழேதான் இருந்தது. அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம்.

ராத்திரி விடுகிற புகை பகலில் விடுவதைவிட மோசம். வெயில் நேரத்தில் தரை சூடாகிக் காற்று மேலே எழும், புகையும் அதோடு போய்க் கலைந்துவிடும். மதியத்துக்கு மேல் கடல்காற்றும் வந்துவிடும். ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. கீழே குளிர்ந்த காற்று, அதன்மேல் சூடான காற்று, நடுவில் மூடி போட்ட மாதிரி புகை தெருமட்டத்திலேயே நிற்கும். மார்கழி, தை மாதப் பனியில் பாருங்கள், விடிகாலையில் கோலம் போட வருகிற பெண்கள்தான் முதலில் இருமுவார்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் அந்தோணிப்பிள்ளை நகரில் காற்றை அளக்கிற தானியங்கி நிலையம் ஒன்று இருக்கிறது, அதன் எண் அதில் வரும். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதுக்கு மேல் கடுமை.

ஆனால் இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கு. தூசியைப் பொறுத்தவரை அது 24 மணி நேரத்துச் சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், நம் ஊர் அளவு இல்லை, புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. நுண்துகள், அதாவது பி.எம். 2.5, ஒரு கனமீட்டர் காற்றில் 20 மணி நேரம் 40 மைக்ரோகிராம் இருக்கிறது. ராத்திரி 4 மணி நேரம் மட்டும் 190. சராசரி 65 வரும். இந்தியாவில் ஒரு நாளைக்கு அனுமதித்த அளவு 60. ஆக, செயலி 'மிதம்' என்று மஞ்சளில் காட்டும். அந்த நாலு மணி நேரம் உங்கள் வீட்டில் யாருக்கு இழுப்பு வந்தது என்று சராசரிக்குத் தெரியாது. (உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 15. அதைப் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடியாது.)

சராசரி விழுங்குகிற அந்த நேரத்தை எழுதி வைக்கிற வேலை நம்முடையது. இது புதுசு இல்லை. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004லேயே சமுதாயக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்து, என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தார்கள். அப்போது ஸ்மார்ட்போன் கிடையாது, நோட்டுதான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று நம்மைப் போல ஓர் இரும்பு ஊர். அங்கே 2016இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு செயலி செய்து கொடுத்தார்கள். நாற்றம் வந்தால் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட்டு அனுப்பலாம். அது வட்டார சுகாதாரத் துறைக்குப் போகிறது, ஊர் வரைபடத்திலும் எல்லாரும் பார்க்கலாம்.

நமக்குத் தனிச் செயலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். புகாரை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். "ரொம்ப நாளாகப் புகை தாங்க முடியவில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் படிக்கிற அதிகாரி எந்த வாசலைப் போய்த் தட்டுவார்? தேதி, ஆரம்பித்த மணி, நின்ற மணி, நீங்கள் நின்ற இடம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, இதெல்லாம் வேண்டும். புகையின் நிறத்தையும் எழுதுங்கள். செம்பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்பு உருகும்போது வருவது. கறுப்பு என்றால் எண்ணெயோ பிளாஸ்டிக்கோ ரப்பரோ அரைகுறையாக எரிகிறது. வெள்ளையாகக் கிளம்பி கொஞ்ச தூரத்திலேயே மறைந்துபோனால் அது நீராவி, அதுக்குப் புகார் எழுதி உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் இருப்பிடத்தை ஆன் செய்துவிட்டு ஒரு நிமிஷ வீடியோ, உங்கள் மாடியிலிருந்து போதும். காம்பவுண்டு ஏறிக் குதிக்கிற வேலை வேண்டாம்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். இல்லையென்றால் முதல்வரின் முகவரி 1100க்குப் பேசலாம். எதில் கொடுத்தாலும் புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் திருப்தி இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் புகார் எண் இது, இதன்பேரில் நடந்த ஆய்வறிக்கையின் நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே ஆக வேண்டிய பெரிய ஆலைகள் ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 என இரண்டு தடவை, நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று அறிக்கை கொடுக்கணும். அது ரகசியம் கிடையாது, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

"நம்ம பிள்ளைங்களே அங்கதானே வேலை பார்க்குது, புகார் கொடுத்து ஆலையை மூடிட்டா?" என்று போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான பயம். என் வீட்டுச் சோறும் அந்த உலையில் வெந்ததுதான். நாம் கேட்பது ஆலையை மூடச் சொல்லி இல்லை. இருக்கிற ஃபேனை ராத்திரியும் ஓட்டச் சொல்லி. உள்ளே அந்தப் புகையை நம்மைவிட அதிகமாகக் குடிப்பது உங்கள் பிள்ளைதான் அம்மா.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லணும். தெருமுனையில் குப்பையைக் கொளுத்துவது, போகிக்கு டயர் எரிப்பது, இதையெல்லாம் செய்துவிட்டு ஆலையைக் கைகாட்டினால் எவனும் மதிக்க மாட்டான்.

சரி, மரம். 2022 செப்டம்பரில் தொடங்கின பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் குறிக்கோள், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக்குவது. நல்ல விஷயம். நாங்களும் ஒரு வருஷம் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் சாலையோரம் நாற்பது கன்று நட்டோம். போட்டோ எல்லாம் பிரமாதமாக வந்தது. மிஞ்சியது நாலோ ஐந்தோ. கத்திரி முடிந்த கையோடு, இந்த மாவட்டத்துத் திருத்தணி வெயில் தினம் செய்தியில் வருகிற நேரத்தில் நட்டால் வேறென்ன ஆகும்? நமக்குப் பெரிய மழை அக்டோபரில்தான் ஆரம்பம். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள், மூன்று மாதத்துக்கு மழையே பார்த்துக்கொள்ளும். அடுத்து வருகிற இரண்டு கோடைக்குத்தான் ஆள் வேண்டும். கன்றுக்கு ஒரு வீடு என்று எழுதி வைத்துவிட்டு நடுங்கள், வீடு கிடைக்காத கன்றை வாங்கவே வாங்காதீர்கள். புங்கன், வேம்பு, பூவரசு, நாவல் இந்த மண்ணில் நிற்கும். வனத் துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள்.

ஏரிக்கரைக்குப் பனை. அதுக்குக் கன்றும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் விழுகிற பழத்தின் கொட்டையைப் பொறுக்கி, ஒரு அடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்று. முதலில் வேர்தான் கீழே இறங்கும், மேலே ஓலை தெரிய மாதக்கணக்காகும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள், நான் தோண்டிப் பார்த்துக் கெடுத்திருக்கிறேன். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம், நீர்வளத் துறையோ ஊராட்சியோ, முதலில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இலையில் தூசி படியும், அதனால் மரம் நம் வீட்டுக்கு வரும் தூசியைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் உலைப் புகைக்கு வேப்ப மரம் மாற்று கிடையாது. மரம் நட்டுவிட்டோம் என்று யாராவது ஃபில்டர் பேச்சை மாற்றினால் விடாதீர்கள்.

தகரம், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே வாடகைக்கு இருக்கிற வடநாட்டுத் தொழிலாளர்களையும் நம் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். இன்னும் யாரும் சேர்க்கவில்லை. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. அந்தக் கூரைக்கு வெள்ளை அடிக்க வீட்டுக்காரரிடம் பேசுவது நம் சங்கத்தால் முடிகிற காரியம்.

நாளையிலிருந்து குழுவில் ஒரே ஒரு மாதிரியில் பதிவு போடுவோம்: தேதி, மணி, தெரு, காற்றின் திசை, நிறம். வேறு வாழ்த்துப் படமெல்லாம் அதில் வேண்டாம். மாதக் கடைசியில் நானே தொகுத்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வருகிறேன். இப்போது நைட் ஷிப்ட் முடிந்து வருகிற தம்பிகள், விடிகாலையில் பால் போடுகிறவர்கள், முதல் ரயிலைப் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். ரெண்டு மணிக்கு விழித்திருப்பது நீங்கள்தான், உங்கள் நம்பரை முதலில் எழுதிக்கொள்கிறேன்.