பொதுப்பணம் யாருடைய பணம்?



இரட்டைமலை சீனிவாசனை நினைவுகூர நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயர் பிரம்மதேசம். பிராமணர்களுக்கு அரசர்கள் நிலத்தைக் கொடையாகக் கொடுத்த பிரமதேயத்தை நினைவூட்டும் பெயர் இது. பக்கத்தில் இருக்கிறது எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு வேதக் கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அவர்களுக்கு நெல் அளக்க 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஏற்பாட்டைச் செய்தது ஊர்ச்சபை.

அந்த 340 பேரில் யாரும் சொந்தக் காசில் படிக்கவில்லை. அதை யாரும் 'இலவசம்' என்று ஏளனம் செய்ததாகவும் நாம் கேள்விப்படவில்லை. வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கோ அங்கே இடமே இல்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியே குறிக்கப்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன.

ஆக, பொதுச் செல்வத்திலிருந்து, கூடி முடிவெடுத்துக் கல்வி கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதில் நாம் பங்கு கேட்பதுதான் புதிது. நாம் கேட்டவுடன் பேச்சு மாறுகிறது: 'அவரவர் சம்பாதித்து, அவரவர் விருப்பப்படி செலவு செய்துகொள்ளட்டும்' என்கிறார்கள்.

அப்படியும் செய்து பார்த்தோம். தருமபுரி நத்தம் காலனி மக்கள் வெளியூர்களில் உழைத்த காசில் வீடு கட்டினார்கள், வண்டி வாங்கினார்கள், நகை சேர்த்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று அவை சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சொந்தக் காசு வீட்டைக் கட்டித் தரும். அந்த வீட்டில் அச்சமின்றி வாழும் உரிமையைக் கட்டித் தராது.

சீனிவாசன் இதை அறிந்திருந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் எந்தச் சாதியினருக்கும் தடை இருக்கக்கூடாது என்று 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானத்தின் உயிர் 'பொது' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாயில் நிறைவேறிய போலே தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. அந்த உரிமையை நடைமுறையாக்கத்தான் 1927-இல் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். விலைக்கு வாங்கும் தண்ணீர் கேன் தாகத்தைத் தீர்க்கும். தீண்டாமையை அது தொடாது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். நம் குடும்பங்கள் வட்டிக்கு வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். தன் பிள்ளை முன்னேறட்டும் என்று நினைப்பது குற்றமல்ல. ஆனால் ஒவ்வொருவராக வெளியேறும்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. அதைக் காட்டியே ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் எங்கும் போக வழியில்லாத பிள்ளைகள் மட்டும் அங்கே மிஞ்சுகிறார்கள்.

'அரசுப் பணத்தைப் பெற்றோரிடமே கொடுத்தால் பிடித்த பள்ளியைத் தேர்ந்துகொள்வார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இருக்கிறது. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், 1959-இல் அந்த மாவட்டம் பொதுப் பள்ளிகளையே மூடிவிட்டது. வெள்ளையினப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கப் பொதுப்பணம் உதவித்தொகையாகப் போனது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் 1964 வரை பள்ளியே இல்லாமல் கிடந்தார்கள். தேர்வு செய்யும் சுதந்திரம் என்பதை அங்கே சாதிச் சுவரைப் போலத்தான் கட்டினார்கள்.

சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-இல் வந்தது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு இருபது பேர். நிதியிலும் அந்தப் பங்கு வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2024-இல் தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் எல்லோருக்குமான செலவில் ஒரு பகுதியை நம் கணக்கில் எழுதிக் காட்டிவிட்டால் பங்கு வந்ததாகாது. எதற்குச் செலவு என்று முடிவெடுக்கும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததற்காகத்தான் ஊராட்சித் தலைவர் மேலவளவு முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டார்.

எனவே மாணவ நண்பர்களே, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். சேரிக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, யார் தீர்மானித்தது என்று கேளுங்கள். கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 45 வேலிக்குக் கல்வெட்டு இருக்கிறது. நம் பங்குக்கும் எழுத்து இருக்கட்டும்.

ஜெய்பீம்.