மார்க்கு யாருடையது, தையல் யாருடையது?

(ஆலை வாயிற் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



வாலிபத் தோழர்கள் சிலர் கேட்டார்கள்: “ஹிப்-ஹாப் ஏழைகளின் பாட்டு என்கிறீர்கள். பாடுகிறவர்களோ பெரிய கம்பெனிகளின் உடுப்பை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, இதென்ன நியாயம்?” என்று. கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்தப் பாட்டு 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. இன்சூரன்ஸ் பணத்துக்காக வீட்டுச் சொந்தக்காரர்களே தங்கள் கட்டிடங்களுக்குத் தீ வைத்த பேட்டை அது. இரண்டு இசைத்தட்டு மெஷின், ஒரு மைக். தாளத்தோடு வசனத்தைக் கொட்டினார்கள் கறுப்பின வாலிபர்கள். வாடகைக்கு வழியில்லாதவனும் தன் பூட்ஸைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து வெள்ளையாக வைத்திருப்பான். இதைப் பகட்டு என்று நாம் சொல்லமாட்டோம். கடன் வாங்கியாவது தீபாவளிக்குப் புது வேட்டி எடுக்கிற நமக்கு அந்த மனசு புரியாதா?

1986-ல் ரன்-டி.எம்.சி. என்ற குழு தாங்கள் போடும் அடிடாஸ் பூட்ஸைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. கம்பெனி கேட்டு எழுதியதல்ல. அவ்வருஷம் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதும், கூட்டம் பூட்ஸைக் கழற்றித் தூக்கிக் காட்டியது. கம்பெனி அதிகாரி ஒருவரும் அங்கே நின்று பார்த்தார். அப்புறம் கேட்பானேன், ஒப்பந்தம் வந்தது!

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு தையற்கடையின் கதை. டாப்பர் டான் என்று பெயரெடுத்த டேனியல் டே, 1982-ல் ஹார்லெம் 125-வது தெருவில் கடை திறந்தார். இரவு பகல் மூடாத கடை. மெஷினில் உட்கார்ந்தவர்கள் செனகல் நாட்டிலிருந்து பிழைக்க வந்த தையற்காரர்கள். குச்சி (நம் ஊர்க் குச்சியல்ல, இத்தாலியக் கம்பெனி), ஃபெண்டி, லூயி விட்டோன் ஆகியவற்றின் மார்க்குகளைத் தோலில் தாமே அச்சடித்து, அந்தக் கம்பெனிகள் நினைத்தும் பாராத மாதிரிகளில் கோட்டுகள் தைத்தார். லூயி விட்டோன் ஆயத்த உடைகளைக் கொண்டுவந்ததே 1998-ல்தான்! பாடகர்களும் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனும் டேயின் கடைக்கு வந்தார்கள்.

அடுத்தவன் மார்க்கை அனுமதியின்றி அச்சடிப்பது சட்டப்படி குற்றம். அதை நாம் மறைக்கவில்லை. வழக்கு வந்தது, சோதனை வந்தது, சரக்குகள் பறிபோயின. 1992-ல் கடை மூடியது. ஃபெண்டி தரப்பு வக்கீல் சோனியா சோட்டோமேயர் பிற்பாடு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். அவரும் பிராங்க்ஸ் ஏழை வீட்டுப் பெண்தான்!

2017-ல் குச்சி கம்பெனி பிளாரன்ஸ் நகரில் ஒரு கோட்டைக் காட்டியது. பலூனாக உப்பிய கைகள். 1989-ல் ஓட்டக்காரி டயான் டிக்ஸனுக்கு டே தைத்த கோட்டின் அச்சு அசல்! அது அவருக்குச் செய்த மரியாதை என்றது கம்பெனி. ஹார்லெமில் செய்தால் திருட்டு, பிளாரன்ஸில் செய்தால் மரியாதையா? ஜனங்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது. டேயுடன் ஒப்பந்தம் செய்து, 2018-ல் ஹார்லெமிலேயே அவருக்குக் கடை அமைந்தது. சந்தோஷம். நடுவில் போன 25 வருஷத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

“பாட்டுக்காரனே கம்பெனி வைத்தால் நிலைமை மாறாதா?” என்று கேட்பீர்கள். ஷான் கோம்ப்ஸ் என்ற ராப் பாடகர் ‘ஷான் ஜான்’ என்று சொந்த மார்க்கு வைத்தார். ஹோண்டுராஸ் நாட்டு ஆலை ஒன்றில் அந்த மார்க்குச் சட்டைகள் தைக்கப்பட்டன. 2003-ல் அந்த ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருத்தி நியூயார்க்குக்கே வந்து பத்திரிகைக்காரர்கள் முன் நின்றாள். சம்பளமில்லாத கட்டாய ஓவர்டைம், கழிப்பிடம் போகவும் கட்டுப்பாடு என்று தன் வாயாலேயே சொன்னாள். விசாரிக்கிறேன் என்றார் கோம்ப்ஸ். தான் தைத்த சட்டையை அவர் ஊரில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதையும் அவள் அறிந்திருந்தாள்.