கனிமம் நாட்டுக்கு வேணும். ஊரைக் கேட்காம எடுக்கிற உரிமை யாருக்கும் இல்லை

(நமது தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சி முகாமில் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தோழர்கள் முழுமையாகப் படித்துவிட்டுப் பகிரவும்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'முக்கியக் கனிமங்களும் ஒன்றிய அரசின் கொள்கையும்'. கேட்டதும் கொட்டாவி வர்ற தலைப்புதான். ஆனா இதுக்குள்ள மேலூர் இருக்கு, குமரிக் கடற்கரை இருக்கு, நம்ம தோழர்கள் ஓட்டிட்டு வந்த மின்சார ஸ்கூட்டரும் இருக்கு. அதனால பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க.

முதல்ல, எதிர்த்தரப்பு சொல்றதுல இருக்கிற உண்மையை ஒத்துக்குவோம். கனிமம் வேணும். லித்தியம் இல்லாம பேட்டரி இல்லை. நியோடைமியம் காந்தம் இல்லாம இன்னைக்கு ஓடுற பெரும்பாலான மின் வாகன மோட்டார் இல்லை. உலகத்துல அருமண் தனிமங்களைச் சுத்திகரிக்கிற வேலையில் சுமார் 90 சதவீதம் சீனா கையில் இருக்கு. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கும் அதுல செய்யுற காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டுச்சு. கொஞ்ச நாள்லயே நம்ம நாட்டு வாகனக் கம்பெனிகள் காந்தம் கிடைக்கலைன்னு டெல்லிக்கு ஓடுனாங்க. ஓசூர்ல ஸ்கூட்டர் செய்யுற ஊழியரோட வேலைக்கும் இதுல பங்கு இருக்கு. அதனால 'கனிமமே வேண்டாம்'னு பதிவு போடாதீங்க. அது நம்ம நிலைப்பாடும் இல்லை.

சரி, ஒன்றிய அரசு என்ன செஞ்சது? 2023ல் 30 கனிமங்களை முக்கியக் கனிமங்கள்னு பட்டியல் போட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்டில் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, 24 கனிமங்களை ஏலம் விடுற அதிகாரத்தை மாநிலங்கள்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. சுரங்கத் துறை, அணுசக்தித் துறை, கனரகத் தொழில் துறை, சுற்றுச்சூழல் துறைன்னு எல்லாரையும் ஒருங்கிணைக்கிறோம்னு சொல்றாங்க. நல்ல வார்த்தைதான். ஒருங்கிணைப்புல யார் யார் இருக்காங்கன்னுதான் நாம கேட்கணும்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கோங்க. சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் இருக்கிற ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டது. அந்த இடத்தையும் சேர்த்து சுமார் 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் ஏலம் விட்டாங்க. 2024 நவம்பரில் ஏலத்தை எடுத்த கம்பெனி பேர் வெளிவந்த பிறகுதான் ஊர்ல நிறைய பேருக்கு விஷயமே தெரிஞ்சது. 'ஏல நேரத்துல மாநிலம் எதிர்க்கலையே'ன்னு ஒன்றிய அரசு சொன்னது. '2023லேயே கடிதம் எழுதினோம்'னு மாநில அரசு சொன்னது. ரெண்டு கோப்பும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு இருந்துச்சு. அந்த மலையடிவாரத்துல நாத்து நட்டுக்கிட்டு இருந்தவங்ககிட்ட மட்டும் யாரும் பேசலை.

அப்புறம் மக்கள் பேசினாங்க. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தாங்க. 2025 ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து. ரத்துக்குச் சொன்ன காரணம், அங்கே பல்லுயிர்த் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும் இருக்காம். தோழர்களே, ஏலம் விடும்போதும் அந்த மலை அங்கதானே இருந்துச்சு? முன்னாடியே கேட்டிருந்தா கம்பெனிக்கும் நஷ்டம் இல்லை, அரசுக்கும் அவமானம் இல்லை, வயசான பெரியவங்க ரோட்டுல நடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதுல இருந்து பாடம் படிச்சாங்களா? 2025 செப்டம்பர் 8ஆம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டுச்சு. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கிற சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. எவ்வளவு சின்ன சுரங்கமா இருந்தாலும் டெல்லியிலேயே பரிசீலிப்போம். இதைக் கேட்டுக் கடிதம் எழுதினது பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும். பாருங்க, ரெண்டு துறை கேட்டுச்சு, மூணாவது துறை கொடுத்துச்சு. ஒருங்கிணைப்பு அருமையா நடந்திருக்கு. விட்டுப்போனது ஊர் மக்கள் மட்டும்தான்.

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்துல 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கத் திட்டம் இருக்கு. மீனவ மக்கள் எதிர்க்கிறாங்க. கடலரிப்பு, கதிரியக்கம்னு அவங்களுக்குப் பயம் இருக்கு. பயம் தப்புன்னா ஆதாரத்தோட விளக்கணும். சரின்னா திட்டத்தை மாத்தணும். ரெண்டுக்கும் இடம் கருத்துக்கேட்புக் கூட்டம்தான். அதையே மூடிட்டா அந்த மக்கள் எங்கே போய்ப் பேசுவாங்க?

இன்னொண்ணு. மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளா மணல் அள்ளுறாங்க. அந்த மணலோட மோனசைட்டில் நியோடைமியம் இருக்கு. ஆனா நம்ம ஸ்கூட்டருக்குள்ள இருக்கிற காந்தம் சீனாவில் இருந்து வருது. நடுவுல இருக்கிற உலோகம், காந்தம்ங்கிற தொழிற்சாலைப் படிகளை நாம பெரிய அளவுல கட்டவே இல்லை. 2025 நவம்பரில்தான் காந்தத் தொழிற்சாலைகளுக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் வந்துச்சு. தாமதமா வந்தாலும் வரவேற்கிறோம். தட்டுப்பாட்டுக்குக் காரணம் ஊர் மக்களோட எதிர்ப்பு இல்லைங்கிறதுக்கு இதுவே சாட்சி.

இணையத்துல உங்ககிட்ட ரெண்டு கேள்வி வரும். 'ஏலப் பணம் மாநிலத்துக்குத்தானே வருது?' ஆமா, வருது. நாம பங்கு கேட்கலை, முடிவெடுக்கிற இடத்துல இடம் கேட்கிறோம். 'நீங்க நாட்டு நலனுக்கு எதிரானவங்களா?' அந்தக் கடற்கரையில் இருக்கிறவங்களும் நாடுதான்.

நம்ம கோரிக்கை தெளிவா இருக்கட்டும். ஏல அறிவிப்புக்கு முன்னாடி மாநில அரசோட ஒப்புதலும் கிராம சபையோட கருத்தும் வேணும். செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறணும். மணல் எடுக்கிற மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுத்திகரிப்பு, காந்தத் தொழிற்சாலைகளில் வேலை வரணும். பழைய பேட்டரி, பழைய போன்ல இருந்து கனிமம் எடுக்க ஒதுக்கின 1,500 கோடி ரூபாய் முழுசா செலவாகணும். அதுக்கு எந்த மலையையும் உடைக்க வேண்டியதில்லை.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஆதாரம் இல்லாத புற்றுநோய்க் கணக்கு, பழைய போராட்டப் படம் எதையும் பகிராதீங்க. ஒரு பொய்யை அவங்க பிடிச்சா நம்ம பத்து உண்மையும் போயிடும். தேதியைப் போடுங்க, எண்ணைப் போடுங்க, கேள்வியைக் கேளுங்க. மேலூர்க்காரங்க அப்படித்தான் ஜெயிச்சாங்க.



#ஊரைக்கேள் #கருத்துக்கேட்பு_எங்கள்_உரிமை #மாநில_உரிமை